துவக்கு லைசன்சின் பின்பக்கம்

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். அக்கரப்பத்தனையில் எங்கள் தேயிலைத் தோட்டத்து டிவிசனில் யாரைக் கேட்டாலும் என்னைப் பற்றி முதலில் இதைத்தான் சொல்வார்கள். போன வருடம் வரைக்கும் எனக்கு அதில் கொஞ்சம் பெருமையும் இருந்தது. கோபக்காரன் வீட்டுச் சுவரில் ஒரு துப்பாக்கியும் தொங்கினால் மரியாதை இன்னும் கூடும் என்று நம்பிய ஆள் நான்.

என்னுடையது ஒற்றைக்குழல் துப்பாக்கி, எங்கள் பேச்சில் துவக்கு. லைசன்ஸ் உள்ளது. லயத்து வரிசை வீட்டில் பிறந்த ஒருவன் பெயரில் துப்பாக்கி லைசன்ஸ் எங்கள் பக்கத்தில் அதுவரை இருந்ததே இல்லை. அதற்குச் சொந்தக் காணி வேண்டும். எங்களில் எத்தனை பேருக்குச் சொந்தக் காணி? இருபது வருடம் மரக்கறி லொறி ஓட்டிச் சேர்த்ததில் காட்டோரம் அரை ஏக்கர் வாங்கி, உறுதிப் பத்திரம் எழுதி, அங்கேயே ஒரு சின்ன வீடும் கட்டினேன். லீக்ஸ், கரட், உருளைக்கிழங்கு போட்டேன். முதல் போகத்தைக் காட்டுப்பன்றிகள் தின்றன. இரண்டாவது போகத்தையும் அவைதான் தின்றன. அதற்குப் பிறகு நான் படியேறாத அரசாங்கக் கந்தோர் இல்லை. லைசன்ஸ் கைக்கு வரப் பல வருடங்கள் ஆயின. வந்த அன்று சம்பளம் வாங்கியவன் போலத் தெருவெல்லாம் காட்டிக்கொண்டு வந்தேன்.

அந்தத் தாளை என்ன செய்தேன் என்பதையும் சொல்லிவிட வேண்டும். எங்கள் ஆட்களுக்குக் கையில் கிடைக்கிற எந்தத் தாளையும் உடனே லேமினேட் பண்ணிவிட வேண்டும். பிறப்புச் சான்றிதழ், பரீட்சை முடிவு, வேலைக் கடிதம், எல்லாம் பளபளவென்று பிளாஸ்டிக்குக்குள் போய்விடும். லயத்துக் கூரை ஒழுகும். தாள் நனைந்தால் ஆளே இல்லாமல் போய்விடுவான் என்ற பயம் எங்கள் எலும்பிலேயே இருக்கிறது. நான் அதிலும் ஒரு படி மேலே போனேன். லைசன்சின் பின்பக்கத்தில் ஒரு முருகன் படத்தை வைத்து, இரண்டையும் சேர்த்து லேமினேட் பண்ணினேன். வருடா வருடம் புதுப்பித்து வந்ததும் கடைக்காரப் பையன் கேட்காமலே அப்படிச் செய்து கொடுப்பான். முன்னால் என் பெயர், பின்னால் முருகன். இதைவிட என்ன காவல் வேண்டும் என்று நினைத்தேன்.

போன வருடம் என் மனைவியின் அண்ணன் அமெரிக்காவிலிருந்து வந்தார். பன்னிரண்டு வருடத்துக்குப் பிறகு மூன்று வார லீவு. அங்கே அவர் விடுமுறை நாட்களில் காட்டில் கூடாரம் அடித்துத் தங்குவாராம். இங்கேயும் ஒரு நாள் தங்க வேண்டும் என்று, மேலே சமவெளியில் இருக்கிற தேசியப் பூங்காவில் கூடாரம் போடும் இடத்தை அங்கிருந்தே பதிவு செய்துவிட்டு வந்திருந்தார். என்னையும் கூப்பிட்டார். தங்கையின் புருசனோடு ஒரு நாள் இருக்க வேண்டும் என்ற ஆசை அவருக்கு. எனக்கோ வேறு நினைப்பு.

"துவக்கையும் கொண்டு போவோம் மச்சான். அந்தக் காட்டுல புலி இருக்கு" என்றேன். நாங்கள் புலி என்று சொல்வது சிறுத்தையை. அதற்கு இரண்டு வாரம் முன்னால்தான் எங்கள் டிவிசனில் ஒரு நாயை அது தூக்கிக்கொண்டு போயிருந்தது.

அவர் சாப்பாட்டுத் தட்டிலிருந்து தலையைத் தூக்கினார். "மாப்ள, பார்க்குக்குள்ள துவக்கு கொண்டு போகலாமா? சட்டம் என்னன்னு பாத்தீங்களா?"

"அமெரிக்காவுல இருந்துக்கிட்டு நீங்க இதக் கேக்குறீங்களே! அங்க ஆளுக்கொரு துவக்கு வச்சிருக்காங்கன்னு சொல்றாங்க."

"வச்சிருக்காங்க. ஆனா ஒவ்வொரு மாநிலத்துக்கும் ஒரு சட்டம் மாப்ள. ஒரு எடத்துல லைசன்ஸ் இருந்தா கூடாரத்துக்குள்ளயே வச்சிக்கலாம். பக்கத்து மாநிலத்துல தோட்டாவ எடுத்துட்டு வண்டிக்குள்ள பூட்டி வைக்கணும். என்கூட வர்ற ஒருத்தர்கிட்ட துவக்கு இருக்கு. அவரு கெளம்புறதுக்கு முந்தின நாளே அந்தப் பார்க் ஆபீசுக்கு போன் பண்ணிக் கேட்டுருவாரு. கேக்காம ஒரு அடி எடுத்து வைக்க மாட்டாரு."

எனக்குச் சிரிப்பு வந்தது. துப்பாக்கி வைத்திருக்கிற ஆம்பிளை ஆபீசுக்குப் போன் பண்ணி அனுமதி கேட்பதா என்று நினைத்தேன். "நான் தொரைக்கிட்ட துண்டு வாங்கிட்டேன்" என்றேன்.

துண்டு என்றால் என்னவென்று மலையகத்தில் விளக்கத் தேவையில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். தோட்டத்து ஆபீசிலிருந்து எழுதித் தரும் சின்னச் சீட்டுதான் துண்டு. விறகு எடுக்கத் துண்டு, ஆஸ்பத்திரிக்குப் போகத் துண்டு, லீவுக்குத் துண்டு. மனேஜர் துரையின் கையெழுத்தும் தோட்டத்து முத்திரையும் அதில் இருந்தால் எந்தக் கதவும் திறக்கும் என்று எங்கள் அப்பன் பாட்டன் காலத்திலிருந்து ஒரு நம்பிக்கை. எனக்கு லொறி இருக்கிறது, காணி இருக்கிறது, வீடு இருக்கிறது. ஆனாலும் அந்த நம்பிக்கை மட்டும் போகவில்லை. என் மனைவி இன்னும் அந்தத் தோட்டத்தில்தான் கொழுந்து பறிக்கிறாள். அந்த உரிமையில் ஆபீசுக்குப் போய், கிளாக்கரிடம் சொல்லி, இங்கிலீசில் நாலு வரி எழுதி வாங்கி வந்திருந்தேன். இவர் எங்கள் தோட்டத்தைச் சேர்ந்தவர், நல்ல நடத்தை உள்ளவர், பாதுகாப்புக்காகத் தன் துப்பாக்கியைக் கொண்டு செல்கிறார். கீழே கையெழுத்து, முத்திரை.

என் மனைவி சொதியை ஊற்றிக்கொண்டே சொன்னாள். "அண்ணன் சொல்றது சரிதாங்க. வேணாம்."

நான் கேட்காத மாதிரி இருந்தேன்.

"ஏங்க, அது தோட்டம் இல்ல. கவருமென்ட் காடு. துண்டு அங்க எப்புடி செல்லும்?"

"ஒனக்கு என்ன தெரியும்?" என்றேன்.

"மாட்டிக்கிட்டா லைசன்ஸ் போயிரும். அப்புறம் பன்னிக்கு நாமதான் கெழங்கு போட்டுக் குடுக்கணும்" என்றாள். அவள் சொன்னது முழுக்க நியாயம். தன் அண்ணன் முன்னால் வைத்துச் சொன்னதுதான் என்னைச் சுட்டது. தட்டைக் கையால் தள்ளினேன். அது சுவரில் போய் மோதி, சோறு தரையெங்கும் சிதறியது. மச்சான் எழுந்துவிட்டார். அவள் குனிந்து சோற்றை அள்ளினாள். அதற்குப் பிறகு அந்தப் பேச்சை அவள் எடுக்கவே இல்லை. நான் வென்றுவிட்டதாக நினைத்துக்கொண்டு கை கழுவப் போனேன்.

மச்சானிடம் மட்டும் சமாதானமாக, "சரி, துவக்கு வேணாம்" என்று பொய் சொன்னேன். அவர் வெளியே போயிருந்த நேரம் பார்த்து, குழலையும் கட்டையையும் தனித்தனியாகக் கழற்றி, தோட்டா நாலையும் ஒரு துணியில் முடிந்து, எல்லாவற்றையும் ஓர் உரச் சாக்கில் சுற்றிச் சணல் கயிற்றால் கட்டினேன். லொறியின் பின்னால் கூடாரப் பைக்கு அடியில் வைத்தேன். மனைவி வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். பார்க்கட்டும் என்று விட்டேன்.

விடியற்காலையில் கிளம்பினோம். அவள் ரொட்டி சுட்டுச் சம்பல் இடித்து, பொதி கட்டி, டோர்ச்சைப் பிடித்துக்கொண்டு அவளே லொறிக்குக் கொண்டு போய் வைத்தாள். கொஞ்சம் நேரம் எடுத்தது. குளிரில் கை மரத்துப்போய் நான் எஞ்சினைச் சூடாக்கிக்கொண்டிருந்தேன். போகும்போது அண்ணனிடம் மட்டும் "பாத்துப் போங்கண்ணே" என்றாள்.

பூங்கா வாசலுக்கு நாங்கள் போய்ச் சேர்ந்தபோது வெளிச்சம் வந்துவிட்டது. எங்களுக்கு முன்னால் ஏழெட்டு வேன்கள். ஒரு பக்கம் மண்மேடு, மறுபக்கம் தண்ணீர் ஓடுகிற ஆழமான கான். நாங்கள் நிறுத்தின மறு நிமிடமே பின்னால் மூன்று வேன் வந்து ஒட்டிக்கொண்டது. வாசலில் குறுக்குக் கம்பம். அதன் அருகில் பச்சைச் சட்டையும் கம்பளித் தொப்பியும் போட்ட அதிகாரிகள் மூன்று பேர் ஒவ்வொரு வண்டியையும் திறந்து பைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பொலித்தீன் பைகளைப் பிடுங்கி ஒரு பெட்டியில் போட்டார்கள். பிஸ்கட் பாக்கெட்டின் உறையைக்கூடக் கிழித்து எடுத்தார்கள்.

பொலித்தீனுக்கே இந்தப் பாடு என்றால், என்று நினைத்தேன். அப்போதுதான் அந்தப் பலகை கண்ணில் பட்டது. மூன்று மொழியிலும் எழுதியிருந்தது. எழுத்து தெரியாதவனுக்கும் புரியட்டும் என்று படமும் போட்டிருந்தார்கள். நெருப்பு, நாய், சாராயப் போத்தல், வரிசையாக ஒவ்வொன்றின் மேலும் சிவப்புக் கோடு. நாலாவது படம் துப்பாக்கி. அதன் கீழே தமிழில், தண்டனைக்குரிய குற்றம் என்று இருந்தது.

சட்டைப்பையில் துண்டு இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்தேன். இருந்தது. வீட்டில் அதைப் பார்த்தபோது அது ஒரு பெரிய கடிதமாகத் தெரிந்தது. இங்கே, அந்தப் பலகைக்கு முன்னால், விறகுக்குக் கொடுக்கிற சீட்டைவிடச் சின்னதாகிவிட்டது.

வரிசை ஒரு வண்டி அளவு நகர்ந்தது. நானும் நகர்த்தினேன்.

மச்சான் பலகையைப் படித்துவிட்டு என் முகத்தைப் பார்த்தார். அந்தக் குளிரிலும் எனக்கு வேர்த்திருந்தது. "மாப்ள, பின்னால என்ன இருக்கு?" என்றார் மெதுவாக.

நான் முன்னால் நின்ற வேனையே பார்த்தேன்.

"மாப்ள."

"சாக்குல இருக்கு" என்றேன்.

அவர் முகம் பேயறைந்தது போல ஆகிவிட்டது. கத்துவார் என்று நினைத்தேன், கத்தவில்லை. கத்தியிருந்தால் நானும் கத்தியிருப்பேன், அது எனக்கு வசதியாக இருந்திருக்கும். "எனக்கு வெள்ளிக்கிழமை ப்ளைட்டு" என்றார். "ஒங்களுக்கு லைசன்ஸ். லொறியையும் எடுத்துருவாங்க, தெரியுமா?"

தெரியும். அந்தக் கணத்தில் எனக்கு எல்லாம் தெரிந்தது. லைசன்ஸ் போனால் திரும்ப வராது. ஒரு தரம் குற்றம் என்று எழுதிவிட்டால் எந்தக் கந்தோரும் என் தாளைக் கையில் எடுக்காது. லொறி போனால் பிழைப்பும் போச்சு. அரை ஏக்கர் கிழங்கும் பன்றிக்கு. எல்லாம் ஒரு சாக்குக்குள் கட்டிக் கிடந்தது.

இறங்கிப் போய் அதைத் தூக்கி கானுக்குள் போட்டுவிடலாமா என்று ஒரு நிமிடம் யோசித்தேன். லைசன்ஸ் துப்பாக்கியைக் கானில் போட்டுவிட்டுப் போகிறவனை என்ன செய்வார்கள் என்று நினைத்ததும் அந்த யோசனையும் செத்தது. திருப்பிப் போகலாம் என்றால் பின்னால் வண்டிகள். இன்னும் நாலு வண்டி. பிறகு மூன்று.

"மாப்ள, அவங்களா எடுத்தா ஒரு கதை. நீங்களா சொன்னா வேற கதை" என்றார் மச்சான். "கம்பத்துக்கு இந்தப் பக்கம் இருக்கும்போதே போய்ச் சொல்லிருங்க."

"துண்டு இருக்கு" என்றேன்.

"அதையும் காட்டுங்க" என்றார். அவர் கிண்டல் பண்ணவில்லை. அதனால்தான் இன்னும் வலித்தது.

எஞ்சினை நிறுத்தி இறங்கினேன். வயதில் மூத்தவராகத் தெரிந்த அதிகாரியிடம் போய்ச் சிங்களத்தில், "மாத்தயா, ஒரு விசயம் சொல்லணும்" என்றேன். லைசன்சையும் துண்டையும் ஒன்றாக நீட்டினேன். லொறியில் துப்பாக்கி இருக்கிறது என்று சொன்னேன்.

அவர் உடனே மற்ற இருவரையும் பார்த்தார். ஒருவர் போய் எங்கள் லொறிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டார். மூத்தவர் துண்டைப் படித்தார். படித்துவிட்டுத் திருப்பினார், பின்னால் ஏதாவது இருக்கிறதா என்று. ஒன்றும் இல்லை.

"இது யார் குடுத்தது?"

"எங்க தோட்டத்துத் தொரை, மாத்தயா."

"இந்தக் காடு அவருடைய தோட்டமா?"

நான் தலை குனிந்தேன். பின்னால் வேனில் இருந்த சுற்றுலாக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள். வேறு எங்காவது ஒருவன் என்னிடம் இந்த மாதிரிக் கேட்டிருந்தால் நான் என்ன சொல்லியிருப்பேனோ தெரியாது. அங்கே எனக்குக் கோபமே வரவில்லை. கோபம் என்பது எனக்கு வேண்டிய இடத்தில் மட்டும் வருகிற ஒன்று என்று அன்றைக்குத்தான் கவனித்தேன்.

அடுத்து லைசன்சை எடுத்தார். பெயரையும் முகவரியையும் பார்த்தார். திருப்பினார். முருகன் சிரித்துக்கொண்டிருந்தார்.

"நிபந்தனை எங்கே?" என்றார்.

"என்ன நிபந்தனை, மாத்தயா?"

"பின்னால் எழுதியிருக்குமே. நீங்க படிச்சதே இல்லையா?"

நான் படித்ததே இல்லை. ஒவ்வொரு வருடமும் தாள் கைக்கு வந்ததும் நேராக லேமினேட் கடைக்குத்தான் போயிருக்கிறேன். அவர் சட்டைப்பையிலிருந்து ஒரு சின்னக் கத்தியை எடுத்து பிளாஸ்டிக்கின் ஓரத்தில் வைத்தார். பிறகு படத்தைப் பார்த்து நிறுத்திவிட்டார். "கதிர்காமத் தெய்வம்" என்றார். சிங்களவர்களும் கும்பிடுகிற சாமி. கத்தியை என் பக்கம் நீட்டினார். "நீங்களே உரிங்க."

நானே உரித்தேன். முருகன் ஒரு பக்கம் கிழிந்து வந்தார். அடியில் வரிசையாக எழுத்து. அவர் விரலை வைத்து ஒவ்வொன்றாகப் படித்து அர்த்தம் சொன்னார். இந்தத் துப்பாக்கி பயிரைக் காப்பதற்கு மட்டும். இந்தக் காணிக்குள் மட்டும். வெளியே எடுத்துப் போவதானால் முன்கூட்டியே எழுத்தில் அனுமதி வேண்டும்.

"கம்பத்துக்கு இந்தப் பக்கம், அந்தப் பக்கம் என்கிற பேச்சே இல்லை" என்றார். "உங்க வேலியைத் தாண்டின நேரத்திலிருந்தே குற்றம்தான். வாங்க, துவக்கைக் காட்டுங்க. பொலிசுக்குச் சொல்லணும்."

லொறிக்கு நடந்த அந்த இருபது அடியில் நான் எனக்குள்ளே லைசன்சுக்குக் கருமாதி பண்ணிவிட்டேன். மச்சான் கதவோரம் கை கட்டி நின்றிருந்தார். கூடாரப் பையை நகர்த்திச் சாக்கை வெளியே இழுத்தேன். அதிகாரி மேலே தடவிப் பார்த்தார். உள்ளே குழல் தெரிந்தது. கட்டையும் தெரிந்தது. கயிற்றை அவிழ்த்தேன்.

உள்ளே ஒரு துண்டுத் தண்ணீர்க் குழாயும் ஒரு மம்பட்டிப் பிடியும் இருந்தன.

என் மூளை வேலை செய்யவில்லை. சாக்கை உதறினேன். தோட்டா முடிந்த துணியும் இல்லை. குழாயைக் கையில் எடுத்துப் பார்த்தேன். எங்கள் வீட்டுக் கழுவுமிடத்தில் மாற்றி வைத்த பழைய குழாய்தான்.

அதிகாரியின் முகம் இப்போதுதான் உண்மையில் இறுகியது. "இது என்ன? குழாயும் கட்டையும்? கட்டுத்துவக்கு செய்யவா?" என்றார். பன்றிக்குப் பொறி வைக்கிறவர்கள் இப்படிக் குழாயில்தான் கள்ளத்துப்பாக்கி செய்வார்கள்.

"இல்ல மாத்தயா! சத்தியமா இல்ல! நான் துவக்கைத்தான் வச்சேன், என் கையால வச்சேன்!"

"அப்போ துவக்கு எங்கே?"

லைசன்ஸ் உள்ளவனுக்குத் தன் துப்பாக்கி எங்கே இருக்கிறது என்று தெரியாவிட்டால் அது இதைவிடப் பெரிய விவகாரம் என்று அவர் பொறுமையாக எடுத்துச் சொன்னார். வழியில் யாராவது எடுத்துவிட்டார்களா? நேற்றே எடுத்துவிட்டார்களா? எனக்குத் தலைகால் புரியவில்லை. மச்சான்தான் முதலில் சொன்னார். "தங்கச்சிக்கு போன் பண்ணிப் பாருங்க மாப்ள."

என் போனில் சிக்னல் இல்லை. அதிகாரி தன்னுடையதை எடுத்து நம்பரைக் கேட்டு அடித்தார். ஏழு மணிக்குப் பெரட்டு, தோட்டத்தில் பேர் பதிகிற நேரம். அவள் கூடையை எடுத்துக்கொண்டு கிளம்புகிற நேரம். மழையில் நனையும் என்று கொழுந்து மலைக்குப் போனைக் கொண்டுபோக மாட்டாள். அடித்து அடித்து நின்றுவிட்டது. மறுபடி அடித்தார். சத்தமாகக் கேட்கும்படி வைத்து என் முகத்துக்கு நேரே பிடித்தார். ஐந்தாவது மணியில் எடுத்தாள்.

"நான்தான். துவக்கு எங்க?" என்றேன்.

"அரிசிப் பீப்பாக்குப் பின்னால இருக்கு" என்றாள். "தோட்டாவும் அங்கதான் இருக்கு."

அதிகாரி போனைத் தன் பக்கம் திருப்பித் தான் யார் என்று சொன்னார். துப்பாக்கியில் ஒரு நம்பர் பொறித்திருக்கும், அதைப் பார்த்துப் படிக்கச் சொன்னார். அவள் போனை வைத்துவிட்டுப் போகிற சத்தம், பீப்பாவை நகர்த்துகிற சத்தம், எல்லாம் கேட்டது. திரும்பி வந்து மூச்சிரைக்கச் சிங்களத்தில் ஒவ்வொரு இலக்கமாகப் படித்தாள். அவர் லைசன்சில் விரலை வைத்து ஒவ்வொன்றாக ஒப்பிட்டார். கடைசி இலக்கத்தில் அவள் தடுமாறினாள். "மூணா எட்டான்னு தெரியல, அழிஞ்சிருக்கு" என்றாள். அவர் காத்திருந்தார். சேலைத் தலைப்பால் துடைத்திருப்பாள் போல. "எட்டு" என்றாள்.

லைசன்சிலும் எட்டு.

"நல்லது நோனா. அதை அங்கேயே வையுங்க" என்று சொல்லிவிட்டுப் போனை அணைத்தார். குழாயையும் மம்பட்டிப் பிடியையும் தன் அறைக்குள் வைத்துக்கொண்டு, போகும்போது எடுத்துப் போகச் சொன்னார். துவக்கு இருக்க வேண்டிய இடத்தில்தான் இருக்கிறது, எழுதுவதற்கு ஒன்றும் இல்லை என்றார். துண்டை என்னிடம் திருப்பிக் கொடுத்து, "இது அடுப்பு பத்த வைக்க உதவும்" என்றார். மற்ற இருவரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன் என்று மச்சான் பிறகு சொன்னார். எனக்கு ஞாபகம் இல்லை.

கூடாரத்தில் தங்கினோம். புலியும் வரவில்லை, பூனையும் வரவில்லை. மச்சான் என்னைக் குத்திக்காட்டி ஒரு வார்த்தை பேசவில்லை. மறுநாள் வீட்டுக்கு வந்து, அவரை உறவினர் வீட்டில் விட்டுவிட்டுத் திரும்பியபோது மனைவி மலையிலிருந்து வந்து கால் கழுவிக்கொண்டிருந்தாள். துப்பாக்கி இன்னும் அரிசிப் பீப்பாவுக்குப் பின்னால் இருந்தது.

வழி முழுக்க அவளுக்கு நன்றி சொல்ல வேண்டும் என்று நினைத்துக்கொண்டுதான் வந்தேன். வாயைத் திறந்தால் வந்தது வேறு. "ஏன் எங்கிட்ட சொல்லல? அந்த எடத்துல என் உசிரு போயி வந்துச்சு. எடுத்துட்டேன்னு ஒரு வார்த்த சொல்றதுக்கு என்ன?"

"சொன்னேனே" என்றாள். "வேணாம்னு மூணு தரம் சொன்னேன். மூணாவது தரம் நீங்க தட்டைத் தள்ளுனீங்க."

"அதுக்குன்னு..."

"எடுத்தேன்னு சொன்னா திருப்பி எடுத்துட்டு வான்னு கத்துவீங்க. அண்ணன் முன்னால இன்னொரு தட்டு போகும்." காலைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தாள். அவள் குரலில் சண்டை இல்லை. "ஏங்க, துவக்கு தொங்குற ஊட்ல ஆம்பள அப்புடிக் கோவப்பட்டா, பொம்பள எதுத்துப் பேச யோசிப்பாளா மாட்டாளா? நீங்களே சொல்லுங்க."

"நான் என்னைக்காவது ஒன்னைப் பாத்து அதத் தூக்கியிருக்கேனா?"

"இல்ல. ஆனா நீங்க சத்தம் போடும்போதெல்லாம் நான் செவத்தத்தான் பாப்பேன்."

அவ்வளவுதான் சொன்னாள். சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள்.

நான் அந்தச் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றேன். ஆணி இருந்தது, துப்பாக்கி இல்லை. லைசன்ஸ் வந்த நாளிலிருந்து அது அந்த ஆணியில்தான் தொங்கியது, சமையல்கட்டில் நின்றாலும் தெரிகிற இடத்தில். பன்றிக்குப் பயம் காட்டுகிறோம் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். வீட்டுக்குள்ளே அத்தனை வருடமும் அது யாருக்குப் பயம் காட்டிக்கொண்டிருந்தது என்று ஒரு நாளும் திரும்பிப் பார்த்ததில்லை. எனக்கு அழுகை வந்தது. வெட்கமாகவும் இருந்தது. வாசலில் போய் உட்கார்ந்துகொண்டேன்.

அடுத்த வாரம் நோர்வூட்டுக்கு லோடு இறக்கப் போனபோது ஒரு வெல்டிங் கடையில் சொல்லி இரும்புப் பெட்டி ஒன்று செய்து வாங்கி வந்தேன். துப்பாக்கியும் தோட்டாவும் அதற்குள்ளே. சுவரில் இருந்த ஆணியையும் பிடுங்கிவிட்டேன். லைசன்சை மறுபடி லேமினேட் பண்ணக் கொடுத்தபோது கடைக்காரப் பையன் வழக்கம் போல முருகன் படத்தை எடுத்தான். வேண்டாம், ரெண்டு பக்கமும் தெரியட்டும் என்றேன். பின்பக்கத்தை இப்போது பாராமலே சொல்வேன்.

பெட்டிக்கு ஒரே ஒரு சாவிதான். அதை மனைவியின் கையில் கொடுத்தேன். லைசன்ஸ்காரன்தான் சாவியை வைத்திருக்க வேண்டுமோ என்னவோ. அதையும் ஒரு நாள் கந்தோரில் போய்க் கேட்க வேண்டும். இப்போது பன்றி இறங்கினால் நான் போய் அவள் முன்னால் நிற்கிறேன். அவள் சாவியை உடனே தருவதில்லை. என் முகத்தை ஒரு தடவை பார்க்கிறாள். "எதுக்கு?" என்று கேட்கிறாள்.

நான் பதில் சொல்கிறேன். சொன்ன பிறகுதான் தருகிறாள்.